நின்றபடி ஒரு பாட்டில்

எனக்குக் குடிப்பழக்கம் இல்லை.
சொன்னால் மொந்தேவிதேயோவில் வேலை கிடைக்காது,
சொல்வதில்லை.
ஒயின் அலமாரிகளின் கம்ப்ரசரைப் பழுது பார்க்கிறவன்.
உள்ளே கிடப்பது எந்த வருஷம், என்ன விலை,
அது எனக்கெதற்கு?
நாடி பிடிக்கிறவன்
நோயாளியின் நிலபுலம் கேட்பானா?

போசிதோஸ், நான்காம் மாடி, ஜனவரி வெயில்.
நிபியா எச்செவேரி கதவைத் திறந்தாள்,
கையில் தெர்மாமீட்டர்.
"முகப்பில் பன்னிரண்டு. மேல்தட்டில் பதினேழு.
இரண்டில் எது பொய்?"

முகப்புதான்.
நாலு விரல் இடம்கூட விடாமல்
சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்தது பெட்டி,
முதுகால் மூச்சு விடுகிற பிராணி அது.
மேற்கு ஜன்னல் வழியே மூன்று மணி வெயில் வந்து
கண்ணாடிக் கதவில் சாய்ந்துகொண்டது.
சுவருக்கு அந்தப் பக்கம் யாருடையதோ வாஷிங் மெஷின்.
அது பிழியும்போதெல்லாம்
அடித்தட்டுப் பாட்டில்கள் பல்லைக் கடித்தன.

ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன், முப்பத்தொன்று.
எல்லாம் படுக்கை. கார்க் நனைந்தபடி இருக்க வேண்டுமே.
எல்லாம் லேபிள் மேலே பார்த்தபடி,
தேடுகிறவள் எதையும் உருட்ட வேண்டாம்.
திருகுமூடி போட்ட இரண்டைக்கூடக் கிடத்தியிருந்தாள்,
அவற்றுக்குத் தேவையே இல்லை.
வெளிச்சம் படாமல் தட்டுக்குத் தட்டு கறுப்புத் துணி.

முப்பத்திரண்டாவது
மேல்மூலையில், உள்விளக்குக்கு நேர் கீழே,
துணியில்லாமல்
நின்றுகொண்டிருந்தது.
பழைய தன்னாத்.
கழுத்துவரை இருந்திருக்க வேண்டிய ஒயின்
தோளுக்கு இறங்கியிருந்தது.

"இதையும் படுக்க வைக்கவா?"
"அது நிற்கட்டும்."
"கார்க் காய்ந்துவிடும். காற்று புகும்."
"தெரியும்."
"காடியாகிவிடும்."
"எத்தனை மாதத்தில்?"

அவசரப்பட்டுக் கேட்டுவிட்டோம் என்று
அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். சொன்னாள்.
தார்தோவின் பாட்டில். கல்யாணத்துக்கு முன்னே வாங்கியது,
நீதிபதியும் அப்படியே எழுதிக்கொடுத்துவிட்டார்.
இப்போது வீகோவில் வேறு வீடு, வேறு அலமாரி,
வேறு ஒருத்தி.
ஏப்ரலில் வந்து எடுத்துக்கொள்வானாம்.
ஞாயிறுதோறும் போனில் முதல் கேள்வி,
"நன்றாக இருக்கிறதா?"
முதல் இரண்டு ஞாயிறு
மகளைத்தான் கேட்கிறான் என்று
பரீட்சை, பல்வலி எல்லாம் சொல்லியிருக்கிறாள்.

பெட்டியை முன்னே இழுத்தேன்.
காலுக்கு அடியில் ரப்பர் வைத்து
ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வரும்வரை திருகினேன்.
வறண்டுவிடாமல் இருக்க அடியில் ஒரு கிண்ணம் தண்ணீர்.
ஜன்னலுக்குத் திரை போடச் சொன்னேன்.
எடுத்த வரிசையிலேயே எல்லாம் உள்ளே போயின.

மாத்தேவுக்கு வெந்நீர் வைக்க அவள் போன நேரம்
என் கை என்னைக் கேட்கவில்லை.
அந்த ஒன்றைச் சாய்த்தது.
ஒயின் அவசரமில்லாமல் நடந்து கழுத்துக்குள் போய்
கார்க்கைத் தொட்டது.
காற்று மறுபக்கம் ஓடித் தோளில் ஒதுங்கியது.
பத்து விநாடி இருக்கும்.
மறுபடி நிறுத்திவிட்டேன்.
கூலிக்கு வந்தவன் தீர்ப்பைத் திருத்தக் கூடாது.

ரசீதில் எழுதினேன்:
'குளிர் சரி. அதிர்வு சரி.
ஒரு பாட்டில் மட்டும் உரிமையாளர் விருப்பப்படி.'
எழுதியபின்தான் உறைத்தது,
எந்த உரிமையாளர்?
அவள் கையெழுத்துப் போட்டாள்.
மாத்தே கசந்தது, நன்றாகவே.

அடுத்த ஜனவரி, வடிகட்டி மாற்றப் போனேன்.
திரை தொங்கியது.
முகப்பில் பன்னிரண்டு, மேல்தட்டில் பன்னிரண்டரை.
பக்கத்து வீட்டு மெஷின் பிழிந்துகொண்டிருந்தது,
ஒரு பல்லும் அசையவில்லை.
நடுவில் ஓர் ஏப்ரல் வந்து போயிருக்கிறது.
வந்தானா, வந்து விட்டுப் போனானா,
ஞாயிறுகளில் இன்னும் போன் அடிக்கிறதா,
நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மேல்மூலையில் அதே தன்னாத்.
விளக்கு அணைந்திருந்தது.
துணியை விலக்கிப் பார்த்தேன்.
படுத்திருந்தது,
லேபிள்
கீழே பார்த்தபடி.